மேல் பல்லும் இடது கண்ணும்

பல்வலிக்காரியை யாரும் நோயாளி என்று மதிப்பதில்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். வயிற்றுவலி என்றால் கூட வந்து உட்காருவார்கள். பல்வலி என்றால் "கிராம்பை வச்சுக் கடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானும் எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இன்று என் முகத்தில் இடது பக்கம் மேல்தாடை இல்லை. இடது கண்ணும் இல்லை. எல்லாம் ஒரு பல்வலியில் ஆரம்பித்தது என்றால் கேட்கிறவர்கள் நம்புவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். திரும்பத் திரும்ப வாயால் சொல்ல முடியவில்லை என்பதும் ஒரு காரணம். அண்ணத்தில் தகட்டை மாட்டிக்கொண்டு பேசுவது எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை.

என் பெயர் லீதியாள். நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஜாக்கெட் தைப்பது என் தொழில். என் மாமனார் காலம் வரைக்கும் பிறத்தியார் வயலில் வேலை பார்த்த குடும்பம். என் வீட்டுக்காரர் தேவராஜ் இன்று சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார், அறுவடை மிஷினும் ஓட்டுகிறார். மகள் எஸ்தரைக் கரூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

எனக்கு இரண்டு தோழிகள். கலா அடுத்த தெருவில் இருக்கிறாள், குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறவள். ஜெயந்தி திருவாரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள், தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். மூன்று பேருக்கும் வாட்ஸப்பில் ஒரு குரூப். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை அதில் போட்டுவிட வேண்டும். எதை யாரால் முடியுமோ அதை அவள் எடுத்துக்கொள்வாள். டவுனுக்குப் போகிறவள் மூன்று வீட்டு வேலையையும் சுமந்துகொண்டு போவாள். எனக்கு லைனிங் துணி, கலாவுக்கு சொசைட்டியில் யூரியா வந்துவிட்டதா என்று ஒரு விசாரிப்பு, ஜெயந்தியின் மாமியாருக்கு மூட்டுவலித் தைலம், இப்படி. எங்கள் குரூப்புக்கு என் வீட்டுக்காரர் வைத்த பெயர் கலெக்டர் ஆபீஸ். "மனு எல்லாம் குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார்.

என் பட்டியலின் கடைசியில் 'பல்லு' வந்து உட்கார்ந்தது சம்பா கதிர் விட்டிருந்த சமயத்தில். தையல்காரிக்கு அதுதான் மூச்சுவிட நேரமில்லாத காலம். கிறிஸ்துமஸ் துணிகள் ஒரு பக்கம், பொங்கல் துணிகள் ஒரு பக்கம். இடது பக்கம் மேல் வரிசையில் கடைசிக்கு முந்தின பல் விண்ணென்று தெறிக்கும். மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மிஷினை மிதிப்பேன். கிறிஸ்துமஸ் போகட்டும் என்றேன். பிறகு பொங்கல் போகட்டும் என்றேன். ஜெயந்தி குரூப்பில் கிண்டல் செய்வாள்: "லீதியாளோட பல்லுக்கு இன்னைக்காவது விடுதலை உண்டா?" நானும் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

பொங்கல் கழிந்ததும் பல் ஆட ஆரம்பித்தது. இனிப் பிடுங்கிவிட வேண்டியதுதான் என்று கிளம்பினேன். கலா வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"மேல் பல்லாடி?"

"மேல் பல்லுதான்."

"ஐயோ, மேல் பல்லைப் புடுங்காத லீதியா. அந்த நரம்பு நேரா கண்ணுக்குப் போவுது. எங்க பெரியம்மா புடுங்கிட்டு வந்து ஒரு வருஷம் ஆவல, கண்ணு மறைச்சுடுச்சு. நீ தையல்காரி. கண்ணு போயிட்டா என்னடி பண்ணுவ?"

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. கீழ்ப் பல்லைப் பிடுங்கலாம், மேல் பல்லில் கைவைத்தால் கண்ணுக்கு ஆகாது. என் அம்மாவும் சொல்லுவாள். படித்த ஜெயந்தியும், "டாக்டருங்க அப்படியெல்லாம் இல்லம்பாங்க, ஆனா நமக்கு எதுக்குடி வம்பு?" என்றாள். மூன்று பேருமாகப் பேசித்தான் போகவேண்டாம் என்று முடிவெடுத்தோம். அன்றிலிருந்து கலா தினமும் சாயங்காலம் கொய்யா இலையைக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, சொம்பில் கொண்டுவந்து கொடுப்பாள். நான் கொப்பளித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். அவ்வளவு அக்கறை.

பிறகு கன்னம் மரத்துப்போனது. மூக்கிலிருந்து ஒரு கெட்ட வாடை. இடது கண் இமை வீங்கித் தொங்கியது. ஒருநாள் ஊசியில் நூல் கோர்க்கப்போனால் ஊசி இரண்டாகத் தெரிகிறது. ஒன்றைப் பிடித்தால் அது இல்லை.

"புடுங்காமலே கண்ணு போவுதேடி கலா" என்றேன். அவள் உடனே என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு திருவாரூருக்கு விட்டாள்.

பல் டாக்டர் சின்னப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தவள் பல்லைத் தொடவே இல்லை. "சுகர் இருக்காம்மா?" என்றாள். இருக்கிறது, நாலைந்து வருஷமாக. மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். நினைவு வந்தால் போடுவேன். கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று கேட்டாள். தீபாவளிக்கு முன்னால் என்று நினைக்கிறேன் என்றேன்.

"இது பல்லு பிரச்சினை இல்லம்மா. அண்ணத்துல கருப்பா இருக்கு. இன்னைக்கே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போயிட்டு நாளைக்குப் போறோம்னு மட்டும் வச்சுக்காதீங்க."

ஸ்கூட்டியைத் திருவாரூரிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்குப் போகாமலே பஸ் ஏறினோம். என் வீட்டுக்காரர் மிஷினை வயலில் நிறுத்திவிட்டு வேறொரு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை அளவைப் பார்த்த நர்ஸ், மிஷின் கோளாறோ என்று இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார். ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு கூட்டமே காத்திருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு என்ன என்று கேட்டாள். பல் என்றேன். "பல்லுக்கா ஸ்கேன் எடுக்குறாங்க? காலம் போற போக்கைப் பாரு" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் நான் ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சிரித்தது.

மூக்குக்குள் குழாய் விட்டுத் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் என் கட்டிலுக்கு வந்து பொறுமையாகச் சொன்னார். இது ஒரு பூஞ்சை. வைக்கோலில், மண்ணில், கெட்டுப்போன ரொட்டியில் எங்கும் இருக்கிறது. எல்லோரும்தான் மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் செய்யாது. உடம்பில் சர்க்கரை எகிறிக் கிடந்தால் மட்டும் அது உள்ளே தங்கி வளரும். ரத்தக்குழாயை அடைக்கும். ரத்தம் போகாத சதை செத்துக் கருப்பாகும். மூக்குக்குப் பக்கத்தில் கன்னத்து எலும்பினுள் ஒரு காலி அறை உண்டு, அதில் ஆரம்பித்திருக்கிறது. அந்த அறையின் தரையில்தான் மேல் பற்களின் வேர் இருக்கிறது, அதனால்தான் பல் வலித்தது, ஆடியது. அந்த அறையின் கூரைக்கு மேலே கண். கண்ணுக்குப் பின்னால் மூளை.

"தாடை எலும்புல செத்ததை எடுத்துத்தான் ஆகணும். கண்ணைக் காப்பாத்தப் பார்க்குறோம். மூளைக்குப் போயிடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து" என்றார்.

மேல் பல்லுக்கும் கண்ணுக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஊரில் சொன்னது பொய் இல்லை போலிருக்கிறது என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. பைத்தியக்காரத்தனம்.

மறுநாள் பெரிய டாக்டர் படிக்கிற பிள்ளைகளோடு வார்டுக்கு வந்தார். கலா அப்போதுதான் ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு வந்து நின்றிருந்தாள்.

"பல்லு எப்பலேருந்தும்மா ஆடுது?"

"பொங்கலுக்கு அப்புறம் சார்."

"அப்பவே பல் டாக்டர்ட்ட போயிருந்தா வாயைப் பார்த்ததுமே இங்க அனுப்பியிருப்பாங்களே. கண்ணுக்குப் போறதுக்கு முன்னாடியே புடிச்சிருக்கலாம். ஏன் போகல?"

"மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்னு சொன்னாங்க சார்."

"யாரு சொன்னா?"

நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் தலை தானாகத் திரும்பிவிட்டது. பெரிய டாக்டரும் படிக்கிற பிள்ளைகளும் என் பார்வை போன திசையில் திரும்பிக் கலாவைப் பார்த்தார்கள். கலா ஃபிளாஸ்க்கை என் கட்டில் ஓரத்தில் வைத்தாள். "மிளகு ரசம் தனியா இருக்கு" என்றாள். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு அவள் வரவே இல்லை. குரூப்பிலும் எதுவும் போடவில்லை.

முதல் ஆப்பரேஷனில் மேல்தாடையின் இடது பாதியையும் அதிலிருந்த பற்களையும் எடுத்தார்கள். விழித்தபோது வாய்க்குள் பஞ்சு அடைத்திருந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். என் வீட்டுக்காரர் ஊசி போடும் சிரிஞ்சில் பாலையும் கஞ்சித் தண்ணீரையும் எடுத்துக் குழாயில் சொட்டுச்சொட்டாக விடுவார். இருபது ஏக்கரை ஒரே நாளில் அறுத்துத் தள்ளுகிற ஆள், காற்றுப் புகுந்துவிடுமோ என்று சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து விடுவார். "சூடா இருக்கா? இருந்தா கையைத் தூக்கு" என்பார். குழாயில் போவது சூடு தெரியுமா? ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

பூஞ்சையைக் கொல்கிற மருந்தை மணிக்கணக்கில் நரம்பில் ஏற்றுவார்கள். ஏறும்போது உடம்பு தூக்கிப் போடும். மூன்று போர்வை போர்த்தினாலும் பல் கிட்டிக்கும், மிச்சமிருக்கிற பல். அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் தினமும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். உடம்பில் பொட்டாசியம் என்கிற உப்பும் இறங்கிவிடும், இறங்கினால் இதயம் தாறுமாறாகத் துடிக்குமாம். இளநீர் கொடுக்கலாம் என்றார்கள். ஜெயந்தி அன்றைக்கே குரூப்பில் 'இளநீர்' என்று போட்டிருக்கிறாள். மறுநாள் காலை கலாவின் வீட்டுக்காரர் ஒரு சாக்கு நிறைய இளநீரோடு வந்து நின்றார், ஒவ்வொன்றையும் மேல்மட்டை சீவி. அது தீரத் தீர அடுத்த சாக்கு வரும். கலா வருவதில்லை.

"அவ சரியா சாப்பிடுறதுகூட இல்லடி" என்று ஜெயந்தி சொன்னாள். எனக்குப் பேச வாய் இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நாட்களில் கலா மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடாதது நான்தான், துணிக்காகத் தள்ளிப் போட்டதும் நான்தான். அதெல்லாம் தெரிந்தும் குழாயில் அவள் வீட்டு இளநீர் இறங்கும்போது மனது அவளைத்தான் திட்டும்.

எஸ்தர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கரூரிலிருந்து வந்துவிட்டாள். வார்டின் முகம் கழுவுகிற இடத்தில் ஒரு கண்ணாடி உண்டு. நான் நடக்க ஆரம்பித்த அன்றைக்கு அவள் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். மற்றவர்களும் தலை வாரவேண்டுமே. வருகிறவர்கள் துண்டை எடுத்து, தலை வாரிவிட்டு, மறுபடியும் அதே மாதிரி போட்டு மூடிவிட்டுப் போனார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நான் கட்டிலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் காலையில் ஒரு கண் டாக்டர் வருவாள். என் வலது கண்ணைக் கையால் பொத்திவிட்டு, இடது கண்ணுக்கு எதிரே விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பாள். முதலில் சரியாக விரல் காட்டினேன். பிறகு கை அசைவது மட்டும் நிழலாகத் தெரிந்தது. ஒருநாள் காலையில் ஒன்றுமே தெரியவில்லை. எத்தனை என்று கேட்டாள். குத்துமதிப்பாக இரண்டு விரலை உயர்த்திக் காட்டினேன்.

அவள் என் வலது கண்ணிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "நான் இன்னும் கையைத் தூக்கவே இல்லம்மா" என்றாள்.

அன்று மதியமே ஸ்கேன். பூஞ்சை கண்குழிக்குள் இறங்கிவிட்டது, பார்வை நரம்பு செத்துவிட்டது, இனி கண்ணை வைத்திருந்தால் அந்த வழியாக மூளைக்குப் போகும். எடுக்கவேண்டும். என் வீட்டுக்காரர் டாக்டரின் பின்னாலேயே வராந்தாவரைக்கும் போயிருக்கிறார். "என் கண்ணுல ஒண்ணை எடுத்து வைக்க முடியுமா சார்?" என்று கேட்டாராம். முழுக் கண்ணை அப்படி மாற்றி வைக்க முடியாது என்று டாக்டர் அவரை உட்காரவைத்து விளக்கியிருக்கிறார். இதை எஸ்தர்தான் பின்னால் எனக்குச் சொன்னாள். திரும்பி வந்தவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஜெபம் பண்ணலாமா என்றார். எனக்கு ஜெபம் வரவில்லை. ஊசி, நூல், என் மிஷின், இதுதான் கண்முன் நின்றது. எழுதிக் காட்டினேன்: எடுக்கச் சொல்லுங்க, உயிரோட வீட்டுக்கு வரணும். அவர் கையெழுத்துப் போட்டார்.

எடுத்தபின் ஆன வலியைப் பற்றி எழுதப்போவதில்லை. வலி குறைந்துவிடும். இமை இருந்த இடத்தைக் கை தன்பாட்டுக்குத் தேடிப் போகும் பாருங்கள், அது மட்டும் குறையவில்லை.

அறுவடையெல்லாம் முடிந்து வயல் வெடித்துக் கிடந்தபோது வீட்டுக்கு வந்தேன். அண்ணத்தில் ஓட்டை இருப்பதால் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். பேசினால் சொல் எல்லாம் மூக்கில் போய்விடும். அதற்காகப் பல் பிரிவில் அளவெடுத்து, பல் வைத்த தகடு ஒன்று செய்து கொடுத்திருந்தார்கள். மாட்டினால் சாப்பிடலாம், ஓரளவு பேசலாம். தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். அதைக் கழற்றிவிட்டு வீட்டார் தவிர யாரிடமும் நான் பேசியதில்லை, ஜெயந்தியிடம்கூட. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே போகும், ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. என் வீட்டுக்காரர் தெருவில் எப்போதும் எனக்கு இடது பக்கமாகவே நடக்கிறார். மிஷின் மேல் உறை போட்டபடி இருக்கிறது. நூல் கோர்க்கிற கம்பி ஒன்று ஜெயந்தி வாங்கிவந்தாள். பழகிக்கொண்டிருக்கிறேன். பழைய வேகம் வராது.

வந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியான நேரம். தகட்டைக் கிண்ணத்தில் ஊறவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கதவு தள்ளுகிற சத்தம். கலா.

முந்தானையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். எனக்குள் சேர்த்துவைத்திருந்த பேச்செல்லாம் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் தகடு வாயில் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சுற்றி வந்து என் நல்ல கண்ணுக்கு எதிரே நின்று வாயைத் திறந்தாள். மேல் வரிசையில், இடது பக்கம், ரத்தத்தில் ஊறிய பஞ்சு.

"காலையில புடுங்கிட்டேன்டி" என்றாள். பஞ்சால் வார்த்தை குழறியது. "மேல் பல்லு. சொத்தையா கெடந்துச்சு ரொம்ப வருஷமா. பயந்துக்கிட்டு யாருக்கும் சொல்லாம வச்சிருந்தேன். உனக்குச் சொன்னது பொய்யில்ல லீதியா, எனக்கும் அந்தப் பயம்தான்டி."

நான் அவளையே பார்த்தேன்.

அவள் உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். இடது கண்ணால் என் முகத்தைப் பார்த்தாள். கட்டுப் போட்ட இடத்தையும் பார்த்தாள்.

"தெரியுதுடி. எல்லாம் நல்லாத் தெரியுது. பஸ்ஸுல வர்றப்ப போர்டு எல்லாம் படிச்சுக்கிட்டே வந்தேன். ஒண்ணுமே ஆவலடி எனக்கு. ஒண்ணுமே ஆவல."

சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கண் கொஞ்சமாவது மங்கியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. என் ஆத்திரம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அது எங்கோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அழுத அழுகையில் அவள் வாயிலிருந்து பஞ்சு விழுந்து, ரத்தம் முகவாயில் வழிந்தது. எழுந்து துப்பப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். என் கட்டுக்கு வைத்திருந்த புதுப் பஞ்சை எடுத்து அவள் வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னேன். "துப்பாதடி. துப்புனா ரத்தம் நிக்காது, முழுங்கு" என்றேன். தகடு இல்லாமல் சொல் எல்லாம் மூக்கு வழியாகத்தான் போனது. எனக்கே என் குரல் விளங்கவில்லை.

கலா வாயை மூடிக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே விழுங்கினாள்.